பணிவா, அடக்கமா, தாழ்மையா? ராமநாதபுரம் கரைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ராமநாதபுரத்தில் தட்டச்சும் ஜெராக்ஸுமாகக் கடை வைத்திருப்பவன் கைக்கு எல்லாக் காகிதமும் வந்து சேரும். மனு, கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, திருவிழா நோட்டீஸ், பணிநிறைவுப் பாராட்டு மடல் என்று எதை எடுத்தாலும் அதில் பணிவைச் சொல்லும் சொல் ஒன்றாவது ஒட்டிக்கொண்டிருக்கும். பாதி இடங்களில் அது பொருந்தாமல் உட்கார்ந்திருக்கும்.

வெளியூரிலிருந்து ஆசிரியராக, வங்கி ஊழியராக, தொண்டு நிறுவனப் பணியாளராக, நிருபராக இந்தக் கரைக்கு வருகிறவர்கள் அதிகம். துபாயிலும் மும்பையிலும் வளர்ந்துவிட்டு ஊர் திரும்பும் பிள்ளைகளும் உண்டு. இவர்கள் அகராதியில் ‘பணிவு’ என்று தேடினால் அடக்கம், தாழ்மை, விநயம், வணக்கம், கீழ்ப்படிதல், எளிமை என்று ஒரே வரிசையில் வந்து நிற்கும். எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்துக் கைக்கு வந்ததை எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். எதை யாருக்கு, எங்கே வைப்பது என்பதை அகராதி சொல்லாது. அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

முதல் படி: சொல்லை எடுக்கும் முன் ஆளைப் பாருங்கள்

இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணிவு என்ற சொல்லுக்கு ஓர் உயரம் வேண்டும். பதவியோ பணமோ படிப்போ, ஏதோ ஒன்றில் மேலே இருப்பவர் இறங்கி வந்து நடந்துகொண்டால் அதைப் பணிவு என்கிறோம். வேறு வழியில்லாமல் குனிந்து நிற்பவரைப் பார்த்து ‘என்ன பணிவு!’ என்றால் அது பாராட்டு ஆகாது. அவருடைய பயத்துக்கு நாம் வைக்கும் பெயர் ஆகிவிடும்.

குறள் இதை ஒன்றே முக்கால் அடியில் பிரித்து வைத்திருக்கிறது. ‘பெருக்கத்து வேண்டும் பணிதல் சிறிய சுருக்கத்து வேண்டும் உயர்வு.’ செல்வம் பெருகும்போது பணிந்து நட, கை சுருங்கும்போது தலை நிமிர்ந்து இரு என்பது பொருள். இது ‘மானம்’ என்ற அதிகாரத்தில் வருகிறது என்பதைக் கவனியுங்கள்.

இந்தக் கரையிலிருந்தே ஓர் உதாரணம். 1897 ஜனவரியில் விவேகானந்தர் மேல்நாட்டுப் பயணம் முடித்துப் பாம்பனில் வந்து இறங்கினார். அவர் ஏறிய வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டு ஆட்களே இழுத்தார்கள். இழுத்தவர்களில் ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதியும் ஒருவர். மன்னர் இழுத்ததால் அதைப் பணிவு என்று இன்றைக்கும் பேசுகிறோம். பக்கத்தில் கயிறு பிடித்த சேவகருக்கு அது வேலை, அவ்வளவுதான்.

வங்கியில் புதிதாகச் சேர்ந்த ஓர் இளைஞர், மகளிர் குழுத் தலைவி ஒருவருக்குக் கடன் பரிந்துரை எழுதி, தட்டச்சு செய்யக் கொண்டுவந்தார். ‘இவர் மிகவும் பணிவானவர், அடக்கமானவர்’ என்று முதல் வரி. அந்த அம்மா கடல்பாசி எடுக்கப் போகிறவர். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, பாறைக்கிடையில் முங்கி எடுத்த பாசியைச் சாக்கில் அடைத்து, வியாபாரியிடம் எடைக்கு எடை வாதாடி விற்பவர். கூட்டத்தில் அதிகாரியையே எழுந்து நிற்க வைத்துக் கேள்வி கேட்பவர். ‘தம்பி, இவங்க வாங்கின கடனைக் கட்டுறாங்களா?’ என்றேன். ‘ஒரு தவணை தவறினதில்லைங்க’ என்றார். அப்படியானால் வேண்டிய சொல் ‘நாணயமானவர்’. இரண்டையும் அடித்துவிட்டு அதைப் போட்டோம். கடன் கொடுக்கிறவருக்கு நாணயம்தான் வேண்டும், பணிவு எதற்கு?

இந்தப் பக்கத்தில் இதை அழுத்திச் சொல்ல வேறொரு காரணமும் இருக்கிறது. துண்டைத் தோளிலிருந்து எடு, செருப்பைக் கையில் தூக்கு, கையைக் கட்டி நில் என்று சிலரை மட்டும் சொல்லி அடக்கி வைத்த காலம் தென்மாவட்டங்களில் அப்படியொன்றும் பழங்கதை ஆகிவிடவில்லை. அந்த வீட்டுப் பிள்ளைகள் பட்டம் வாங்கி வந்து உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது ‘ரொம்ப அடக்கமான பையன்’ என்று நீங்கள் நல்ல மனதோடு சொன்னாலும், அவர் காதில் விழுவது வேறு. ‘நல்லாப் பேசுறீங்க’, ‘விவரமானவர்’, ‘பொறுப்பானவர்’ என்று சொல்லிப் பாருங்கள். முகமே மாறும்.

இரண்டாம் படி: நாலு சொற்களை நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள்

பணிவு, அடக்கம், தாழ்மை, எளிமை. இந்த நாலும் பிடிபட்டால் மற்றவை தானாக வந்துவிடும்.

பணிவு என்பது பிறரிடம் நடந்துகொள்ளும் விதம். எதிரில் ஆள் இல்லாமல் பணிவு இல்லை. தனியறையில் உட்கார்ந்துகொண்டு பணிவாக இருக்க முடியாது. ‘பணி’ என்ற வினைக்குக் குனி, வணங்கு என்று பொருள். அதே பணிதான் பெயராக வரும்போது வேலை, தொண்டு: பணிவிடை, பணியாளர், அரசுப்பணி. இதில் நிருபர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ‘ஆட்சியர் பணித்தார்’ என்றால் உத்தரவு போட்டார். ‘ஆட்சியர் பணிந்தார்’ என்றால் விட்டுக்கொடுத்து இறங்கி வந்தார். ஓர் எழுத்தில் செய்தியே தலைகீழாகிவிடும். அப்புறம், இது மூன்றுசுழி ணகரம். ‘பனிவன்புடன்’ என்று அச்சான அழைப்பிதழ்கள் ஊரெல்லாம் சுற்றுகின்றன. அந்த அன்பு மார்கழிக் குளிரில் நனைந்த அன்பாக இருக்க வேண்டும்.

அடக்கம் வேறு. தன்னிடம் இருப்பதைக் காட்டிக்கொள்ளாமல் உள்ளே வைத்திருப்பது அடக்கம். பணிவைக் கண்ணால் பார்க்கலாம். அடக்கமோ கண்ணில் படாமல் இருப்பதால்தான் அடக்கம். ஐந்து மொழி தெரிந்தவர் ‘ஏதோ கொஞ்சம் பேசுவேன்’ என்றால் அது தன்னடக்கம். குறளில் ‘அடக்கமுடைமை’ என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. புலனை அடக்குவது, நாக்கைக் காப்பது, கோபத்தைக் கட்டுவது என்று அது போகிறது. ‘யாகாவா ராயினும் நாகாக்க’ வருவது அங்கேதான். ஆக, அடக்கத்துக்கு அடிப்படை தன்னைத் தானே ஆள்வது.

ஆனால் வினைச்சொல்லாக மாற்றியதும் ஆபத்து. ‘அடங்கு’ என்று ஒருவரைப் பார்த்துச் சொன்னால் அது சண்டைக்கு இழுப்பது. ‘அடங்கிப் போ’ என்பதும் அப்படித்தான். ஒருவர் தானாக அடங்கினால் பெருமை, அடுத்தவர் அடக்கினால் அவமானம். ‘அடக்க ஒடுக்கமான பெண்’ என்று வரன் விளம்பரத்தில் இன்னமும் வருகிறது. எனக்கு அந்தத் தொடரே பிடிக்காது. பத்திரிகைக்குக் கொடுக்கத் தட்டச்சு செய்ய வருகிறவர்களிடம் ‘இது வேணுமா?’ என்று கேட்டுவிடுவேன். பெரும்பாலும் கூட வந்திருக்கும் பெண்தான் ‘வேணாம் அண்ணே’ என்று பதில் சொல்கிறது.

அடக்கத்துக்கு இந்தக் கரையில் இன்னொரு நடமாட்டமும் உண்டு. இறந்தவரைப் புதைப்பது அடக்கம் செய்வது. மரண அறிவிப்பில் ‘நல்லடக்கம் மாலை நாலு மணிக்கு’ என்று வரும். ஏர்வாடி தர்காவுக்குப் போனால் ‘இங்கே அடங்கியிருக்கும் மகான்’ என்றும் ‘அடக்கஸ்தலம்’ என்றும் மரியாதையாகச் சொல்வதைக் கேட்பீர்கள். அங்கே போய் யாரையும் ‘அடக்கமாக இருங்கள்’ என்று சொல்லி வைக்காதீர்கள். ‘அமைதியா இருங்க’ போதும். கடைக்காரர் ‘அடக்க விலைக்கே தர்றேன்’ என்றால் அது அவர் வாங்கின விலை. அதில் எவ்வளவு உண்மை என்பதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தாழ்மை பேச்சில் அதிகம் வராது. காகிதத்திலும் தேவாலயத்திலும் வாழும் சொல் அது. ‘தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்’, ‘என் தாழ்மையான கருத்து’ இவை காகிதம். தங்கச்சிமடம், பாம்பன், மூக்கையூர்ப் பக்கம் கத்தோலிக்கப் பெரியவர்கள் வாயில் ‘தாழ்ச்சி’ என்ற பழைய சொல் இருக்கும். ஞானோபதேசம் என்ற மறைக்கல்வியில் அகங்காரத்துக்கு எதிரான புண்ணியமாகச் சொல்லிக் கொடுத்தது இதைத்தான். ‘தாழ்ச்சியா நட’ என்று பாட்டி பேரனிடம் சொன்னால் அதற்கு ‘குனிந்து போ’ என்று அர்த்தமில்லை.

இதோடு ‘தாழ்வு’ என்ற சொல்லைப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ‘அவர் தாழ்வாக நடந்துகொண்டார்’ என்று எழுதினால் கேவலமாக நடந்துகொண்டார் என்றாகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் கரையில் யாராவது ‘தாழ்வு உருவாகியிருக்காம்’ என்றால் அது வானிலைச் செய்தி. காற்றழுத்தத் தாழ்வு, கடலுக்குப் போக வேண்டாம் என்பார்கள்.

எளிமை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1931-இல் ராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாமைப் பற்றி இங்கே யாரைக் கேட்டாலும் முதலில் வரும் சொல் அதுதான். உடை, வீடு, சாப்பாடு, பேச்சு இவற்றில் ஆடம்பரம் இல்லாதது எளிமை. பழைய வேட்டியோடு எளிமையாக இருந்துகொண்டு பேச்சில் எல்லாரையும் மிதிப்பவர்களும் உண்டு. பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு பணிவாக இருப்பவர்களும் உண்டு. ஆகவே ஒன்றைச் சொல்லி இன்னொன்றைக் குறிக்க முடியாது.

மிச்சத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். விநயம் எழுத்து வழக்குச் சொல், இப்போது பழைய வாடை அடிக்கும். பவ்வியம் வெறும் தோற்றம்: ‘கையைக் கட்டிக்கிட்டுப் பவ்வியமா நின்னான்’ என்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்பவருக்கே சந்தேகம். கீழ்ப்படிதல் சொன்னதைச் செய்வது. பணிவே இல்லாதவரும் சம்பளத்துக்காகக் கீழ்ப்படிவார். கீழக்கரை, தொண்டி, பெரியபட்டினம் முஸ்லிம் வீடுகளில் ‘அதபு’ என்று கேட்பீர்கள். மரியாதை, ஒழுங்கு, பணிவு மூன்றும் சேர்ந்த சொல் அது. ‘அதபா உக்காரு’ என்றால் காலை நீட்டியிருக்கும் பிள்ளை மடக்கிக்கொள்ளும்.

மூன்றாம் படி: பேச்சில் நேராகப் பாராட்டாமல் இருக்கப் பழகுங்கள்

‘அவர் பணிவு மிக்கவர்’ என்று இங்கே யாரும் பேசுவதில்லை. அது மேடைத் தமிழ். தெருவில் இதை இல்லாததைச் சொல்லித்தான் சொல்வார்கள். ‘தலைக்கனமே கிடையாது’, ‘பந்தா இல்லாத ஆளு’, ‘அலட்டிக்க மாட்டாரு’, ‘அவ்வளவு இருந்தும் ஒரு மமதை இல்லைப்பா’ என்பது பேச்சு. பாராட்டு இன்னும் கூடினால் ‘தங்கமான மனுசன்’ என்று ஒரே சொல்லில் முடிந்துவிடும். பழமொழி வேண்டுமென்றால் ‘நிறைகுடம் தளும்பாது’. இதை ஆள் இல்லாதபோது சொல்வதே வழக்கம். முகத்துக்கு நேரே சொன்னால் ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்று நினைப்பார்கள்.

சமாதானம் பேசும்போது வரும் வினைகளைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். தணிந்து போ, விட்டுக்கொடு, இறங்கி வா, பொறுத்துப் போ. வலை அறுந்தது, படகு உரசியது என்று சச்சரவு வரும்போது ஊர்ப் பெரியவர்கள் ‘பணிந்து போ’ என்று சொல்ல மாட்டார்கள். சொன்னால் ஒரு தரப்புக்குத் தோல்வி என்று அர்த்தம். ‘ரெண்டு பேரும் கொஞ்சம் தணிஞ்சு போங்கப்பா’ என்பார்கள். தணிவது சூடு. அதில் யாருக்கும் குறைவில்லை.

நாலாம் படி: விளிக்கும் முறையிலேயே பணிவு இருக்கிறது

புதிதாக வந்தவர் ‘நான் பணிவானவன்’ என்று காட்ட உடம்பை வளைக்க வேண்டியதில்லை. கூப்பிடும் சொல்லும் வினைமுற்றும் சரியாக இருந்தால் போதும். மீன் ஏலம் நடக்கும் இடத்தில், கால்சட்டை மடிப்பு கலையாமல் நின்றுகொண்டு, ‘என்னப்பா, இது என்ன மீன்?’ என்று அறுபது வயதுக்காரரைக் கேட்கிற அதிகாரிகளைப் பார்த்திருக்கிறேன். அவர் பதில் சொல்வார். ஆனால் அடுத்த கேள்விக்கு மீனைத்தான் பார்ப்பார், உங்களைப் பார்க்க மாட்டார். ‘அண்ணே, இது என்ன மீனுங்க?’ என்று கேட்டுப் பாருங்கள். பெயரும் சொல்வார், எந்தக் குழம்புக்கு ஆகும், எதற்கு ஆகாது என்பதும் வரும்.

வயதில் மூத்த ஆணுக்கு அண்ணே, ரொம்ப மூத்தவருக்கு ஐயா. பெண்களுக்கு அக்கா, அம்மா, ஆத்தா. உங்களைவிட இளையவர் என்று தெரிந்தாலும் முதல் சந்திப்பில் ‘வாங்க, சொல்லுங்க’தான். ‘தம்பி, வாப்பா’ என்பதெல்லாம் பழகிய பிறகு. படகு, வலை வைத்துத் தொழில் நடத்துகிறவரைச் சம்மாட்டி என்பார்கள். கடலுக்கு ஆட்களை நடத்திக்கொண்டு போகிறவர் மண்டாடி. அவருக்குப் பள்ளிப்படிப்பு இருக்கிறதோ இல்லையோ, காற்றும் நீரோட்டமும் தெரிந்தவர் என்பதால் அவர் சொல்லுக்கு மதிப்பு உண்டு. அவரிடம் பேசும்போது குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டுப் பேசினால் நல்லது.

கீழக்கரையில் அண்ணனுக்குக் காக்கா. அக்காவுக்கு ராத்தா அல்லது லாத்தா, ஊருக்கு ஊர் மாறும். இதில் ஒரு சின்ன வேடிக்கை: மற்ற இடங்களில் ‘காக்கா பிடிப்பது’ என்றால் காரியத்துக்காகக் கூழைக்கும்பிடு போடுவது. கீழக்கரைக் கடையில் உட்கார்ந்துகொண்டு ‘அவன் எல்லாரையும் காக்கா பிடிப்பான்’ என்று பேசுமுன் ஒருமுறை சுற்றிப் பாருங்கள்.

ஐந்தாம் படி: மனுவில் ஒரு பணிவு போதும்

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம். காலையிலிருந்து கடையில் கூட்டம் நெரியும். யாரோ எழுதிக் கொடுத்த ஒரு மனுவின் தொடக்கத்தை அப்படியே தருகிறேன், பெயரை மட்டும் விட்டுவிட்டு:

‘மேதகு மாண்புமிகு மாவட்ட ஆட்சித் தலைவர் ஐயா அவர்களின் பொற்பாதங்களைப் பணிந்து, ஏழையிலும் ஏழையான அடியேன் தாழ்மையுடனும் பணிவுடனும் கண்ணீருடனும் சமர்ப்பிக்கும் விண்ணப்பம் யாதெனில்…’

விஷயம் என்ன? மீன்பிடித் தடைக்கால நிவாரணம் கணக்கில் வரவில்லை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அதற்கு அரசு தரும் தொகை அது. அரசுத் திட்டப்படி இவருக்குச் சேர வேண்டிய பணம். அதைக் கேட்க எதற்குப் பொற்பாதம்? படிக்கிற எழுத்தரும் இந்த வரிகளைக் கண்ணால் தாண்டிவிட்டு, வங்கிக் கணக்கு எண் எங்கே என்று தேடுவார். பல நேரம் அது இருக்காது.

மாற்றி எழுதியது இப்படி: ‘ஐயா, நான் பதிவு பெற்ற மீனவர். இந்த ஆண்டுத் தடைக்கால நிவாரணத் தொகை என் வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படவில்லை. அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன். விசாரித்து ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.’ ஒரே ஒரு ‘பணிவுடன்’, அதுவும் கடைசி வரியில். வேறு எங்கும் வேண்டாம்.

நீங்கள் பிறருக்கு மனு எழுதித் தர நேர்ந்தால் இவற்றைப் பாருங்கள். ஆட்சியருக்கு ‘உயர்திரு’ அல்லது ‘மதிப்பிற்குரிய’ போதும். மாண்புமிகு அமைச்சருக்கும் நீதியரசருக்கும் போடுவது. ‘பணிவுடன்’ எழுதிவிட்டால் ‘தாழ்மையுடன்’ வேண்டாம், இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ‘கருணை கூர்ந்து’ என்பதை உரிமை இல்லாத இடத்தில் மட்டும் வையுங்கள். வேலையில் இருக்கும்போது இறந்த அரசு ஊழியரின் பிள்ளை கேட்கும் வேலைக்குப் பெயரே ‘கருணை அடிப்படையில் பணி நியமனம்’, அங்கே அது சரி. குடிதண்ணீர் வரவில்லை என்று எழுதும்போது கருணை எதற்கு? ‘ஆவன செய்யுமாறு’ என்று கேட்டால் போதும். ‘தங்கள் கீழ்ப்படிதலுள்ள’ என்று கையெழுத்துக்கு மேலே போடுவது பள்ளிக்கூட விடுப்புக் கடிதத்தோடு முடிய வேண்டிய பழக்கம். பெரியவர்கள் எழுதும்போது ‘தங்கள் உண்மையுள்ள’.

சில பெரியவர்கள் கேட்க மாட்டார்கள். ‘பாதம் பணிந்துன்னு போடு தம்பி, அப்பத்தான் இரங்குவாக’ என்பார்கள். ரொம்ப வற்புறுத்தினால் ‘வணக்கத்துடன்’ என்று போட்டு வாசித்துக் காட்டுவேன். சரி என்றுவிட்டுப் போவார்கள்.

ஆறாம் படி: மேடையில் பேச அழைத்தால்

பள்ளி ஆண்டுவிழாவிலோ நூலக வாரவிழாவிலோ உங்களைப் பேச வைத்துவிடுவார்கள். அங்கே வேண்டியது அவையடக்கம். தமிழில் காப்பியம் பாடியவர்கள் பலரும் தொடக்கத்தில் ‘எனக்கு என்ன தெரியும்’ என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பார்கள். பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனை போல என்று கம்பர் சொன்னது எல்லாருக்கும் தெரியும். இந்தக் கரைக்கு நெருக்கமானவர் உமறுப் புலவர். கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் ஆதரவோடு தொடங்கி, ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களில் சீறாப்புராணம் பாடியவர், பெரும் புலவர்கள் முன் தன் பாட்டு சூறைக்காற்றின் எதிரே சிற்றெறும்பு மூச்சு விட்டது போல என்கிறார். அப்படிச் சொல்லிவிட்டு அவ்வளவு பெரிய காப்பியத்தைப் பாடி வைத்துவிட்டார் என்பதைக் கவனிக்க வேண்டும். அவையடக்கம் ஒரு பாட்டு, மிச்சமெல்லாம் வேலை.

நம் மேடைகளில் இது தலைகீழ். ‘எனக்குப் பேசத் தெரியாது, தகுதி இல்லை’ என்று கால் மணி நேரம் பேசுகிறார்கள். ‘எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்’ என்று ஒரே வரி சொல்லிவிட்டு விஷயத்துக்கு வந்துவிடுங்கள்.

ஏழாம் படி: கோயில் சொற்களைக் கோயிலிலேயே விடுங்கள்

அடியேன், கடையேன், நாயேன் போன்றவை கடவுள் முன் தன்னைச் சொல்லிக்கொள்ளும் சொற்கள். உத்தரகோசமங்கைக்குப் போகிறவர்கள் மாணிக்கவாசகரின் நீத்தல் விண்ணப்பத்தைக் கேட்டிருப்பார்கள். ‘கடையவனேனைக் கருணையினால் கலந்து ஆண்டுகொண்ட’ என்று தொடங்கி, ‘விட்டிடுதி கண்டாய்’ என்று பாட்டுக்குப் பாட்டு முறையிடுவது. என்னைக் கைவிட்டுவிடாதே என்ற கெஞ்சல். அங்கே கடையவன் என்பது இழிவு இல்லை. அதே சொல்லை மேலதிகாரியிடம் சொன்னால் கேட்பவருக்கே கூச்சமாக இருக்கும்.

‘சரணாகதி’யும் அப்படி. திருப்புல்லாணியில் ராமர் கடலரசனிடம் வழி கேட்டுத் தர்ப்பைப் புல்லில் கிடந்தார் என்பது தலவரலாறு. தர்ப்பசயன ராமரை அங்கே சேவிக்கலாம். அந்தத் தலத்தில் சரணாகதி பெரிய சொல். அதே சொல்லை அரசியல் பக்கத்தில் ‘டெல்லியிடம் சரணாகதி’ என்று போட்டால் வசை. எழுதும் இடம் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: போலியைக் கண்டுபிடிக்க

போலிப் பணிவுக்குத் தமிழில் சொல் பஞ்சமே இல்லை: கூழைக்கும்பிடு, குழைதல், வழிதல், ஜால்ரா, சோப்பு போடுவது. குறள் இதற்கும் ஓர் எச்சரிக்கை வைத்திருக்கிறது. பகைவரின் வணக்கமான பேச்சை நம்பாதே, வில் வளைவது அம்பை விடுவதற்குத்தான் என்கிறது. புதிதாக வந்தவர்களிடம் முதல் வாரத்திலேயே ‘சார், நீங்க தெய்வம் மாதிரி’ என்று ஒருவர் வந்தால் அவர் எதை விற்க வந்தார் என்று பாருங்கள்.

ஆனால் விருந்தோம்பலைப் போலி என்று நினைத்துவிடாதீர்கள். மாடி வீட்டுக்காரர் ‘நம்ம குடிசைக்கு வந்துட்டுப் போங்க, ஏதோ கஞ்சியோ கூழோ’ என்பார். போனால் நண்டும் வஞ்சிரமுமாக இலை நிறைந்திருக்கும். ‘இவ்வளவு இருக்கே, கஞ்சின்னு சொன்னீங்களே’ என்று கேட்கக் கூடாது. சாப்பிட்டுவிட்டு, சமைத்தவரிடம் ‘நல்லாருந்துச்சுக்கா’ என்று சொல்லிவிட்டு வர வேண்டும்.

ஒன்பதாம் படி: எதிர்ச்சொற்கள்

பணிவின் எதிர்ப்பக்கத்தைத் தெரியாமல் பணிவைப் புரிந்துகொள்ள முடியாது. எழுத்தில் செருக்கு, இறுமாப்பு, ஆணவம், அகந்தை. பேச்சில் தலைக்கனம், மண்டைக்கனம், மமதை, திமிர், கொழுப்பு. இவற்றில் செருக்கு ஒன்றுக்குத்தான் நல்ல பக்கமும் உண்டு: புலமைச் செருக்கு என்றால் அதில் கொஞ்சம் மெச்சுதலும் இருக்கிறது. மற்றவை எல்லாம் குற்றச்சாட்டு. யாரையாவது குறை சொல்லியே ஆக வேண்டும், ஆனால் பகை வேண்டாம் என்றால் ‘கொஞ்சம் விறைப்பான ஆளு’, ‘முறுக்கா இருப்பாரு’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம்.

‘திமிர்’ என்ற சொல்லை மட்டும் எழுத்தில் வைக்காதீர்கள். ‘கிராம நிர்வாக அலுவலர் திமிராகப் பேசினார்’ என்று மனுவில் எழுதினால் பட்டா விவகாரம் ஓரமாகப் போய்விடும். அப்புறம் அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் விசாரணை நடக்கும். ‘உரிய பதில் அளிக்கவில்லை’ என்று எழுதி, போன தேதியைப் பக்கத்தில் போட்டுவிடுங்கள்.